ஒரு சாண் கறுப்பு மண்

அந்த ஆள் செத்துப்போன செய்தி பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் வைத்து என் காதில் விழுந்தது. சொன்னவர் எங்கள் பழைய தெருக்காரர். "மண்ணுல கை வெச்சா போதும், தளதளன்னு வந்துடும். நல்ல கை" என்று உச்சுக் கொட்டினார். "ஆமா, கொஞ்சம் நீளமான கை" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. செத்தவரைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று கேட்டார். உயிரோடு இருந்தபோது மூஞ்சிக்கு நேராகவே பேசியவள் நான். செத்துவிட்டார் என்பதற்காக இல்லாத மரியாதையை எங்கே போய்த் தேடுவது?

பெயரைச் சொல்லப்போவதில்லை. பயமெல்லாம் இல்லை. அவருடைய பேத்திகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறார்கள், அந்தக் குழந்தைகள் என்ன பாவம் செய்தார்கள். எங்கள் வீட்டில் அவரை 'மாமா' என்று கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. "தோ, வந்தாச்சு" என்பதோடு சரி.

வருகிறார் என்பது ஆள் தெரிவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும். அவ்வளவு நாற்றம். ஒல்லியான உடம்பு, காக்கி அரை டிராயர், கிழிந்த பனியன், ஒரு மீன்பாடி வண்டி. அந்த மூன்று சக்கர வண்டியில் மற்றவர்கள் மீன் ஏற்றுவார்கள், ஐஸ் ஏற்றுவார்கள், சிமெண்ட் மூட்டை ஏற்றுவார்கள். இவர் எச்சில் இலை ஏற்றுவார். தாம்பரத்தில் எந்த மண்டபத்தில் எந்தத் தேதியில் கல்யாணம் என்பது ஐயருக்குத் தெரிவதற்கு முன்னால் இவருக்குத் தெரியும். பந்தி நடக்கும்போதே கொல்லைப்புறம் போய் நின்றுகொள்வார். இலையோடு சேர்த்து யாராவது பிளாஸ்டிக் டம்ளரைப் போட்டுவிட்டால் தீர்ந்தது. "யோவ், அது மக்குமாய்யா? எடு, எடு" என்று பட்டுவேட்டி கட்டியவர்களையே குனிய வைப்பார்.

அவர் வாயில் எப்போதும் ஒரே கேள்விதான் இருக்கும்: "யாரு கொண்டாந்தது?" வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போன நேரத்தில் ஒரு மாடு வந்து இலையை இழுத்துவிட்டது. மாட்டுக்காரர் வாயில்லாத ஜீவன் என்று நியாயம் பேச வந்தார். "இத யாரு கொண்டாந்தது? நான் கொண்டாந்தேன். அப்போ யாருது? என்னுது. உன் மாடு துன்னுச்சு இல்ல, சாணிய எங்கிட்ட கொண்டாந்து போடு" என்று நடுரோட்டில் நின்றுவிட்டார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் காலையில் மாட்டுக்காரர் வீட்டு வாசலில் கூடையோடு போய் நின்றார். ஒரு வாரம் விடாமல் நின்றார். ஒருவர் சுமந்து வந்தது அவருக்கே சொந்தம், அது குப்பையாக இருந்தாலும் சரி. இந்த ஒரு சட்டம்தான் அவருக்குத் தெரியும். வேறு எந்தச் சட்டமும் அவர் மண்டைக்குள் நுழையவில்லை.

இவர் எங்கள் தலையில் வந்து விழுந்த கதையைச் சொல்ல வேண்டும். செம்பாக்கம் ஏரிக்குக் கீழே எங்களுக்கு இருபது சென்ட் நிலம் இருந்தது. அப்பாவின் பங்காக வந்தது. பேர்தான் ஏரிக்குக் கீழே, மற்றபடி மேட்டுப் பாங்கு. வெள்ளை மணல். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் குடித்துவிட்டுக் காய்ந்து கிடக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பா போய்விட்டார். அம்மா தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையலுக்குப் போக ஆரம்பித்தாள். அப்போதுதான் இவர் வந்து கேட்டார். எங்கேயோ ஒரு நகராட்சிக் குப்பைக் கிடங்கில் வாட்ச்மேனாக இருந்தவராம். குப்பை மக்கி உரமாவதைப் பார்த்துப் பார்த்துப் பித்துப் பிடித்திருந்தது. "அக்கா, சும்மா கெடக்குற நெலம். எங்கிட்ட வுடு. கீர போடுறேன். தெனம் வூட்டுக்குக் கட்டு கீர, வருசத்துக்கு ஒரு தொகை" என்றார். அம்மா சரி என்றாள். பேப்பர் கிடையாது, கையெழுத்து கிடையாது, வாய் வார்த்தைதான்.

அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் பேஜார். நிலத்தின் ஓரத்தில் ஆள் உயரத்துக்குக் குப்பைக் குமி. இலை, அழுகிய தக்காளி, மார்க்கெட் கோஸ் தழை, ஓட்டலில் வடித்த கஞ்சி, சந்தை கூட்டிய மண், சாணி. மழைக்காலத்தில் ஈ எங்கள் வீட்டுச் சோற்றில் வந்து உட்காரும். பள்ளிக்கூடத்தில் என்னைக் "குப்பமேட்டுக்காரி" என்றார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மா அவரிடம் சொன்னாள். "மேட்டுக்கு சொந்தக்காரின்னுதான சொல்றாங்க, உட்டுத்தள்ளு" என்றார் என்னைப் பார்த்து. பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் பேசுகிற பேச்சா இது?

தெருவில் யாரும் சருகு கொளுத்த முடியாது. புகை தெரிந்தால் எங்கிருந்தாலும் வாளியோடு ஓடிவருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு சார், ரிட்டயர்டு ஹெட்கிளார்க், மாமர இலையைக் கூட்டிக் கொளுத்திவிட்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இவர் வந்து ஒரு வாளித் தண்ணீரைத் தீயில் ஊற்றினார். பாதி சாரின் வேட்டியில். "துன்ற சோத்த கொளுத்துவியா சார் நீ? மண்ணுக்குப் போவ வேண்டியத காத்துல வுடுறியே!" என்று கத்தல் வேறு. சார் போலீஸுக்குப் போகிறேன் என்றார். அதற்குள் இவர் நனைந்த சருகை வாரி வண்டியில் போட்டுக்கொண்டிருந்தார்.

ஏழெட்டு வருஷம் கழித்து மண் பரிசோதனைக்கு ஒரு அதிகாரி வந்தார். எங்கள் நிலத்தில் கொஞ்சம், பக்கத்து நிலத்தில் கொஞ்சம் என்று மண் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். பிறகு இரண்டு அட்டை வந்தது. அங்ககக் கரிமம் என்ற இடத்தில் பக்கத்து நிலத்துக்குக் 'குறைவு', எங்கள் நிலத்துக்கு 'அதிகம்'. அந்த அதிகாரி அம்மாவிடம் பொறுமையாக விளக்கினார். இலையிலும் தோலிலும் சோற்றிலும் இருப்பது எல்லாம் செடி காற்றிலிருந்து எடுத்த கரிதான். கொளுத்தினால் உடனே காற்றுக்கே போய்விடும். மக்க வைத்து மண்ணில் போட்டாலும் முக்கால்வாசியைப் புழுவும் கிருமியும் தின்று மூச்சாக விட்டுவிடும். மிஞ்சுவது கொஞ்சம். அந்தக் கொஞ்சம்தான் மண்ணைக் கறுப்பாக்குகிறது, தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. "வண்டி வண்டியா கொட்டினாத்தான் கைப்பிடி மிஞ்சும்மா. போடுறத நிறுத்தினா, நம்ம வெயிலுக்கு இருக்கறதும் கரைஞ்சிடும்" என்றார்.

அதற்குப் பிறகு இவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. அந்த அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சுருட்டி, டிராயர் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் "கார்பன் ஏறிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அட்டையில் எங்கள் அப்பா பெயர்தான் எழுதியிருந்தது. அதைச் சுட்டிக்காட்டினேன். "பேரு இருந்தா? யாரு கொண்டாந்தது?" என்றார்.

பொய் சொல்ல மாட்டேன். மண் மாறித்தான் இருந்தது. மேலே ஒரு சாண் ஆழத்துக்குக் கறுப்பு. கையில் எடுத்தால் பிட்டு மாதிரி உதிரும். கோடையில் பக்கத்து நிலத்தில் இரண்டு வேளை தண்ணீர் என்றால் இங்கே ஒரு வேளை போதும். அரைக்கீரையும் சிறுகீரையும் முளைத்து நிற்கிற அழகில் எனக்கே வாய் அடைத்துப்போகும். அதை அவரிடம் சொல்லிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு போவேன்.

என் கல்யாணத்துக்கு வருகிறேன். தாம்பரத்தில் ஒரு மண்டபம். மாப்பிள்ளை வீடு பல்லாவரம். பந்தியில் என் மாமியாரின் தம்பி விரலிலிருந்து லூசான மோதிரம் கழன்று இலையில் விழுந்திருக்கிறது. கை கழுவும்போதுதான் பார்த்திருக்கிறார். அதற்குள் இலையெல்லாம் இவருடைய வண்டியில் ஏறி, செம்பாக்கம் போய், குமியின் வயிற்றுக்குள் போயாயிற்று. அம்மா பட்டுப்புடவையோடு ஆட்டோ பிடித்து ஓடினாள். "குமிய பிரிச்சுக் குடுண்ணா, பொண்ணு வாழப்போற எடம்ண்ணா" என்று கெஞ்சினாள்.

அவர் குமியில் செருகி வைத்திருந்த கடப்பாரையை உருவி, "தொட்டுப் பாருக்கா" என்றார். சுட்டது. "இப்போதான் சூடு புடிக்குது. பிரிச்சா நாஸ்தியாயிடும். நாப்பத்தஞ்சு நாள் ஆவட்டும். தங்கம் மக்காதுக்கா" என்றார்.

நாற்பத்தைந்து நாள். புது மருமகளாக அந்த வீட்டில் நான் இருந்த நாற்பத்தைந்து நாள். "உங்க ஊரு ஆளுங்க கை சுத்தம் எப்படி?" என்று மாமியார் காபி கொடுக்கும்போது கேட்பார். நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நான் அறைக்குள் போனால் பீரோ சாவி இடம் மாறும். என் புருஷன் நல்ல மனுஷர்தான், ஆனால் அம்மா எதிரில் வாய் திறக்க மாட்டார். சரியாக நாற்பத்தாறாவது நாள் இந்த ஆள் பல்லாவரம் வரை வண்டியை மிதித்துக்கொண்டு வந்து, வாசலில் நின்று, தெருவே கேட்கக் கூப்பிட்டு, வாழை இலைத் துண்டில் சுற்றிய மோதிரத்தை மாமியார் கையில் வைத்தார். நிறம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். "எண்ணி நாப்பத்தஞ்சு நாள். சொன்ன பேச்சு" என்று என்னைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார். நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன். திருடர் இல்லை என்று அன்றைக்கு எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன், அதுதான் எரிச்சல்.

தொண்ணூறுகளின் நடுவில் அம்மாவின் கண்ணில் புரை விழுந்தது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள். என்னோடு வந்து இரு என்றேன். "சம்பந்தி வூட்டு சோத்துல கை வெக்க மாட்டேன்டி. என் நெலம் கீது. கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கினு நானே கீர போட்டு பொழச்சுப்பேன்" என்றாள். அவளுக்கு மிச்சம் இருந்தது அந்த இருபது சென்ட் மட்டும்தான். ஆறு மாசம் முன்னாலேயே அவரிடம் சொல்லிவிட்டாள், தை மாசத்தோடு விட்டுவிடு அண்ணா என்று.

அவர் தகராறு செய்யவில்லை. "வுட்டுர்றேன்க்கா. நான் கொண்டாந்தத எடுத்துக்கினு போயிடுறேன்" என்றார். மண்வெட்டி, குழாய், வண்டி இதைத்தான் சொல்கிறார் என்று அம்மா தலையாட்டிவிட்டாள். மண்ணைத்தான் சொல்கிறார் என்பது பத்து நாள் கழித்துத் தெரிந்தது. வார்டு மெம்பரைக் கூட்டிக்கொண்டு நிலத்துக்குப் போனோம்.

"மண்ணு என்னுதுண்ணா" என்றாள் அம்மா.

"உன்னுதுதாங்கா, யாரு இல்லன்னா?" மண்வெட்டியை எடுத்து அங்கேயே ஒரு குழி வெட்டினார். மேலே ஒரு சாண் கறுப்பு, கீழே வெள்ளை. கோடு கிழித்த மாதிரி இருந்தது. "தோ பாரு மெம்பரே. வெள்ளையா கீது பாரு, அது அக்காது. அதுல ஒரு கூட தொட மாட்டேன். கறுப்பு யாரு கொண்டாந்தது?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "நீங்க கொண்டாந்தது குப்பை. எங்க நிலத்துல, எங்க கிணத்துத் தண்ணியில கிடந்துதான் அது மண்ணாச்சு" என்றேன்.

"அப்போ பக்கத்து நெலம் ஏன் ஆவல? அதுவும் அதே தண்ணிதான?"

இன்றைக்கு வரைக்கும் அதற்கு எனக்குப் பதில் தெரியாது. பதில் தெரியவில்லை என்பதற்காக அவர் செய்தது நியாயமாகிவிடாது. மெம்பரும் அதைத்தான் சொன்னார்: "குத்தகைக்கு வந்தவன் பயிர எடுத்துக்கலாம், தரைய எடுத்துக்க முடியாதுபா. அந்தம்மா பொழப்ப பாரு. கைய வெக்காத." இவர் சரி என்று தலையை ஆட்டினார். நன்றாக, எல்லோரும் பார்க்க, ஆட்டினார். நான் மன்னிக்காதது அந்தத் தலையாட்டலைத்தான்.

அம்மாவை ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்து எட்டு நாள் கூடவே இருந்தேன். அந்த எட்டு நாளில், பட்டப்பகலில், இரண்டு லாரியும் பத்து ஆளும் வைத்து அவர் அந்த ஒரு சாணையும் வழித்துக்கொண்டு போனார். லாரிக்குப் பணம் ஏது? ஜி.எஸ்.டி ரோட்டில் பூந்தொட்டி விற்கிறவருக்குச் சில லோடு மண்ணைக் கொடுத்துச் சரிக்கட்டியிருக்கிறார்.

ஒரு மாசம் கழித்து ஊரப்பாக்கத்தில் தண்டவாளத்தை ஒட்டி அவர் பிடித்திருந்த இடத்துக்குப் போனேன். சரளைத் தரையில் எங்கள் மண்ணைப் பரப்பியிருந்தார். இன்னும் விதைக்கவே இல்லை, ஆனால் எங்கள் நிலத்தில் உதிர்ந்து கிடந்த அரைக்கீரை விதை அங்கே தானாக முளைத்திருந்தது. நல்லா இருப்பீங்களா என்று கேட்டேன். வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அவர் நிதானமாகக் குனிந்து ஒரு கைப்பிடி கீரையைப் பிடுங்கி, வேரைத் தட்டி, நீட்டினார். "அக்காக்கு குடு. கண்ணுக்கு நல்லது." அதை வாங்கி அவர் காலடியிலேயே வீசிவிட்டு வந்தேன். வீசிய கீரையிலும் வேரில் இன்னும் ஒட்டியிருந்த மண்ணைத்தான் பார்த்தார் அந்த மனுஷர். குனிந்து அதைத் தட்டி எடுத்துக்கொண்டார்.

அங்கே அவர் வாழ்ந்துவிடவில்லை. அதற்குள் மண்டபங்களில் எல்லாம் பிளாஸ்டிக் டம்ளர், பிளாஸ்டிக் கவர், இலைக்கு அடியில் பிளாஸ்டிக் பேப்பர். பொறுக்கிப் பிரிக்க அந்த வயதில் அவரால் ஆகவில்லை. நகராட்சி லாரிக் குப்பையை அப்படியே வாங்கிக் கொட்டினார். கண்ணாடியும் பேட்டரியும் வந்து விழுந்ததே தவிர, மக்குகிற சங்கதி ஒன்றும் வரவில்லை. அதிகாரி சொன்னது சரிதான், போடுவது நின்றதும் இருந்தது கரைந்துவிட்டது. இரண்டு கோடை போன பிறகு எலெக்ட்ரிக் டிரெயினில் போகும்போது பார்த்தேன். தரை சாம்பல் நிறத்தில் வெளுத்துக் கிடந்தது. கவர்கள் வெயிலில் மின்னின. ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. இதில் வெட்கம் என்ன? கையில் இருந்த சுண்டலை நிதானமாகச் சாப்பிட்டு முடித்தேன்.

அம்மா எங்கள் வீட்டுக்குத்தான் வந்து சேர்ந்தாள். ஒன்பது வருஷம் இருந்தாள். ஒரு நாள்கூட இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கியதில்லை. தன் தட்டைத் தானே கழுவி, தனியாகக் கவிழ்த்து வைப்பாள். நிலத்தை மனையாக விற்றுவிட்டோம். மனைக்கு மண் என்ன நிறமாக இருந்தால் என்ன.

ஆபரேஷன் முடிந்து வந்த நாளை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் இருந்தபோதே பக்கத்து வீட்டு அக்கா வந்து வராண்டாவில் என்னிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அம்மாவிடம் நான் சொல்லவில்லை. தையல் ஆறுகிறவரை கண்ணில் அழுத்தம் கூடாது, மனசுக்குக் கஷ்டமானது எதையும் சொல்லாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆட்டோ செம்பாக்கத்துக்குள் நுழைந்ததும், வீட்டுக்கு அப்புறம் போகலாம், முதலில் நிலத்துக்குப் போ என்றாள் டிரைவரிடம். வெயிலாக இருக்கிறதே, நாளைக்குப் பார்க்கலாமே என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "புதுக் கண்ணுடி. மொத மொதல்ல என் நெலத்தப் பாக்குறேன்" என்றாள்.

இறங்கி வரப்பில் நின்றாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். கண்ணை மூடித் திறந்து மறுபடி பார்த்தாள். ஆபரேஷன் ஆன கண்ணைப் பொத்திக்கொண்டு, இன்னும் புரை விலகாத மற்றக் கண்ணால் பார்த்தாள்.

"ஏன்டி, ஆபரேஷன் சரியா பண்ணலியா? எல்லாம் வெள்ளையா தெரியுதே" என்றாள்.

"ஆமாம்மா, மொதல்ல அப்படித்தான் தெரியுமாம். நாளைக்கு டாக்டர்கிட்ட போயி காட்டலாம்" என்றேன்.

அவள் சரி என்று திரும்பினாள். இரண்டடி வைத்தவள் நின்று, குனியக் கூடாது என்று டாக்டர் சொன்னதை மறந்து குனிந்து, ஒரு கை மண்ணை அள்ளினாள். அது விரல் இடுக்கில் சரசரவென்று கொட்டி முடிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் வேணாம்டி" என்றாள். "கண்ணு நல்லாத்தான் கீது."